அம்மா அப்பா அமெரிக்கா வர்றாங்களா? எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

எம்.எஸ். படிக்கப் போன சீனியர்கள் எல்லாருக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு ஒரே கேள்விதான் வரும். கான்வகேஷனுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வர எவ்வளவு ஆகும்? படிப்புக் கடன் பாதிகூட அடையாத நேரம் அது. அதனால ராத்திரி பகலா டிக்கெட் விலையைத் தேடுவாங்க. டிக்கெட்டில் பத்தாயிரம் மிச்சம் பண்ணிட்டு, இன்சூரன்ஸில் கோட்டை விடறவங்க நிறைய பேர். அடுத்த வருஷம் நம்மில் சிலரும் கிளம்பப் போறோம். எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

விசா: திரும்பி வராத பணம்

பாஸ்போர்ட் இல்லாத பெற்றோர் இன்னும் நிறைய பேர் இருக்காங்க. தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு. 60 வயசு தாண்டினவங்களுக்குப் புது பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு.

சுற்றிப் பார்க்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் வர்றவங்களுக்கு பி-2 விசா. விண்ணப்பக் கட்டணம் ஒருத்தருக்கு 185 டாலர். டாலரை 90 ரூபாய்னு வச்சா, ரெண்டு பேருக்கு 33,300 ரூபாய். விசா கிடைக்கலைன்னாலும் இந்தப் பணம் திரும்ப வராது. இது தவிர 250 டாலர் கூடுதல் கட்டணம் ஒண்ணும் 2025 ஜூலையில் சட்டமாகியிருக்கு. விண்ணப்பிக்கிற நேரத்தில் அது நடைமுறையில் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

விசா ஏன் மறுக்கப்படுது? அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிக்கிற ஒவ்வொருத்தரும் அங்கேயே தங்கிடப் போறவர்னு எடுத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்குது. "இல்லை, திரும்பி வந்துடுவேன்"னு நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. சொந்த வீடு, வேலை, பென்ஷன், இங்கே படிக்கிற தங்கச்சி, கவனிச்சுக்க வேண்டிய பாட்டி எல்லாமே அதுக்கான காரணங்கள். அதிகாரி பெரும்பாலும் ஃபைலைத் திறந்து பார்க்க மாட்டார், கேள்விதான் கேட்பார். சென்னை தூதரகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம். அதனால அம்மாவுக்கு இங்கிலீஷ் டயலாக் மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. டி.எஸ்-160 படிவத்தில் என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு பேருக்கும் தமிழில் ஒருமுறை படிச்சுக் காட்டுங்க. பிரவுசிங் சென்டரில் யாரோ நிரப்பிக் குடுத்த தகவலும் அப்பா சொல்ற பதிலும் வேற வேறயா இருந்தா, அங்கேயே சிக்கல்.

80 வயசுக்கு மேல் போனா நேர்காணல் வேண்டாம்னு இருந்த சலுகை 2025 செப்டம்பரோட போயிடுச்சு. தாத்தா பாட்டி வர்றதா இருந்தா இதையும் கணக்கில் வச்சுக்கணும். தாம்பரத்திலிருந்து போறவங்க கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து மெட்ரோவில் ஏஜி-டிஎம்எஸ் போயிடலாம். தூதரகத்துக்குள்ளே மொபைலுக்கு அனுமதி இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கலாம். இந்தியர்களுக்கு பி-2 விசா வழக்கமா 10 வருஷத்துக்குக் கிடைக்கும். அதுக்காக 10 வருஷம் அங்கே தங்க முடியாது. ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்கலாம்னு முடிவு பண்றது, அந்த ஊர் ஏர்போர்ட்டில் இருக்கிற அதிகாரி. பொதுவா 6 மாசம். அந்தத் தேதி ஐ-94 பதிவில் இருக்கும், ஆன்லைனில் பார்க்கலாம்.

டிக்கெட்: இங்கே மிச்சம் பிடிக்கலாம், பார்த்து

விசா கைக்கு வராம டிக்கெட் போடாதீங்க. கான்வகேஷன் மே மாசம், நம்ம ஊர் கோடை விடுமுறையும் அப்பதான். அதனால விலை ஏறித்தான் இருக்கும். விழாவைப் பார்த்தே ஆகணும்னு இல்லாதவங்க செப்டம்பர், அக்டோபரில் வந்தா செலவு குறையும்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது மாறித்தான் ஆகணும். சில தளங்கள் ரெண்டு தனித்தனி டிக்கெட்டைச் சேர்த்து மலிவா காட்டும். அதில் நடுவழியில் பெட்டியை எடுத்து, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, மறுபடி செக்-இன் பண்ண வேண்டியிருக்கும். அதுக்கு அந்த நாட்டு விசா வேணும். முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. முதல் தடவை விமானம் ஏறுற அம்மாவுக்கு இது வேண்டாம். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டா அமெரிக்கா போய் எடுக்கிற மாதிரி, ஒரே டிக்கெட்டா போடுங்க.

முட்டி வலி இருந்தா வீல்சேர் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டிக்கெட் போடும்போதே சொன்னா போதும், இலவசம். கூட வர்றவர் அடுத்த விமானத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவார். அபுதாபி வழியா எதிஹாட்டில் போனா, அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை அபுதாபியிலேயே முடிஞ்சிடும்.

இன்சூரன்ஸ்: இங்கே கைவைக்காதீங்க

"எங்களுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கோம்"னு வீட்டில் சொல்வாங்க. நம்ம பணம் செலவாகக் கூடாதுங்கிற அக்கறைதான் அது. ஆனா பிள்ளையோட காலேஜ் இன்சூரன்ஸில் பொதுவா பெற்றோரைச் சேர்க்க முடியாது. அங்கே எமர்ஜென்சி வார்டுக்குள் ஒருமுறை போய் வந்தாலே பில் ஆயிரக்கணக்கான டாலர்.

விசிட்டர் இன்சூரன்ஸில் ரெண்டு வகை. முதல் வகை மலிவு. எமர்ஜென்சிக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு ஒவ்வொண்ணுக்கும் வரம்பு கட்டியிருக்கும். ரெண்டாவது வகையில் பிரீமியம் அதிகம், ஆனா மொத்த பில்லையும் பார்க்கும். ஒரு உதாரணக் கணக்கு: பில் 10,000 டாலர்னு வச்சுப்போம்.

முதல் வகையில் எமர்ஜென்சி வரம்பு 500 டாலர்னா, மிச்சம் 9,500 டாலர் நம்ம தலையில். 8,55,000 ரூபாய்.

ரெண்டாவது வகையில் முதல் 250 டாலர் நம்முடையது. அதுக்கு மேல் வர்ற 5,000 டாலரில் 20 சதவீதம், அதாவது 1,000 டாலர் நம்முடையது. மீதி முழுக்க கம்பெனி கட்டும். நம்ம செலவு 1,250 டாலர், 1,12,500 ரூபாய்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: ஏற்கெனவே இருக்கிற பி.பி., சுகர், இதய நோய்க்கு என்ன சொல்லியிருக்கு, வயசு ஏற ஏற வரம்பு குறையுதா, பிள்ளை இருக்கிற ஊரில் எந்த ஆஸ்பத்திரி அந்த நெட்வொர்க்கில் வருது. நோயை மறைச்சு வாங்கினா கிளெய்ம் நிற்காது. முழு நாட்களுக்குமான மாத்திரைகளை டாக்டர் சீட்டோட, அட்டை பிரிக்காம, கைப்பையில் வச்சுக்கணும்.

பெட்டியும் புறப்பாடும்

கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீங்க, அமெரிக்காவில் பச்சை இலைக்குத் தடை. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும்னு விமானத்தில் விட மாட்டாங்க. ஊறுகாய் கைப்பையில் போகாது. வேறு எந்தச் சாப்பாட்டுப் பொருள் இருந்தாலும் படிவத்தில் மறைக்காம சொல்லிடணும். சொன்னா அதிகபட்சம் குப்பைத்தொட்டிக்குப் போகும், மறைச்சா அபராதம்.

தென்மாவட்டத்திலிருந்து வர்ற பெற்றோர் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. பெரும்பாலான ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். அங்கிருந்து சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். ராத்திரி 2 மணி விமானத்துக்கு 11 மணிக்கு அங்கே இருந்தா போதும், அதுவரை மின்சார ரயில் ஓடும். ஆனா வழியனுப்ப வர்ற சித்தப்பா குடும்பம் திரும்பிப் போகும்போது ரயிலும் இருக்காது, மெட்ரோவும் இருக்காது. வேன் வாடகை மிச்சமாகணும்னா தாம்பரம் பிளாட்பாரத்திலேயே கை காட்டிட்டாப் போதும்.

வந்து சேர்ந்த பிறகு

ஊர் சுற்றிக் காட்டப் பெரிய பணம் தேவையில்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம், சுதந்திர தேவி சிலை அதிலிருந்தே தெரியும்.

வார நாட்கள்தான் கஷ்டம். தினமும் மார்க்கெட் வரை நடந்து, நாலு பேர்கிட்ட பேசிப் பழகின அம்மா, கார் இல்லாம வெளியே போக முடியாத அப்பார்ட்மென்ட்டில் அஞ்சு நாள் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. பக்கத்தில் இருக்கிற பொது நூலகம், பார்க், பஸ் ரூட் எதுன்னு அவங்க வர்றதுக்கு முன்னாடியே பார்த்து வைங்க. முதல் வாரம் ரெண்டு தடவை கூடவே போய்ப் பழக்குங்க. இதுக்குக் காசு ஆகாது, நம்ம நேரம்தான் ஆகும். அவங்க அவ்வளவு தூரம் வர்றதும் அந்த நேரத்துக்காகத்தான்.