சீரியலுக்கு வசனம் எழுத ஆசையா? 'என் கதை'யை முதலில் மறக்கணும்!

சிவகாசி:

பட்டாசு ஆலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அடுப்பைப் பற்ற வைக்கும் கையோடு டி.வி.யையும் போடும் வீடுகள் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் ஏராளம். "இதைவிட நல்லா நானே எழுதுவேன்" என்று சொல்லாத ஆள் இல்லை. எழுத முடியுமா? முடியும். ஆனால் அது தனி ஆள் வேலை இல்லை.

மருந்து கலக்க ஒருவர், திரி வைக்க ஒருவர், பெட்டி போட ஒருவர் என்று பட்டாசு ஆலையில் வேலை பிரிந்திருக்கிறது அல்லவா? சீரியலிலும் கதை, திரைக்கதை, வசனம் என்று பெரும்பாலும் தனித்தனி ஆட்கள். தொடங்கும்போது பெயர் ஓடுவதைக் கவனித்தால் தெரியும்.

ஆள் மாறினாலும் கதை நிற்காது

சன் டி.வி.யில் 2022-ல் தொடங்கியது 'எதிர்நீச்சல்'. இயக்கம் திருச்செல்வம், வசனம் ஸ்ரீவித்யா. ஆதி குணசேகரனாக மிரட்டிய மாரிமுத்துவின் "இந்தாம்மா ஏய்" பட்டிதொட்டியெல்லாம் பிரபலம். 2023 செப்டம்பர் 8-ந்தேதி, இதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி ஏற்பட்டு அவர் இறந்தது ரசிகர்களை உலுக்கியது.

ஆனால் தொடரை நிறுத்த முடியாதே! குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கதையை நகர்த்தினார்கள். பிறகு அந்த வேடத்துக்கு வந்தவர் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழிக்காரரான வேல ராமமூர்த்தி. 'குற்றப்பரம்பரை' நாவல் எழுதியவர். அவரே இங்கே இன்னொருவர் எழுதிய வசனத்தைத்தான் பேசினார். 2024 ஜூன் வரை தொடர் ஓடியது. டிசம்பரில் இரண்டாம் பாகமும் வந்தது.

புதிதாக எழுத வருபவர் படிக்க வேண்டிய பாடம் இதுதான். பாத்திரம் ஏற்கனவே இருக்கிறது, நாம்தான் அதற்கு ஏற்ப எழுதணும். வாரம்தோறும் வரும் டி.ஆர்.பி. குறைந்தால், ராத்திரி முழுக்க முழித்து எழுதிய சீனும் போய்விடும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழகுவது எப்படி?

* ஒரே ஒரு சீரியலை எடுங்கள். யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள்.

* நாளைக்கு வரும் சீனை இன்றே எழுதுங்கள். மறுநாள் பார்த்து, எங்கே மாறியது என்று ஒப்பிடுங்கள்.

* நண்பர்கள் மூன்று பேர் ஆளுக்கு ஒரு சீன் எழுதி, சத்தமாக வாசியுங்கள். மூன்றிலும் மாமியார் ஒரே மாதிரி பேசினால் பாஸ்!

உஷார்

"சென்னையில வாய்ப்பு வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்டு யாராவது வந்தால், தீபாவளி போனசைத் தூக்கிக் கொடுத்து விடாதீர்கள். எழுதுபவருக்குத்தான் சம்பளம் தருவார்கள். எழுதுபவர் யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை.