ஈரத்துணி சொல்லும் கணக்கு

என் மகளுக்குத் தலைப்பிரசவம். மூன்று கிலோ எடையில் ஆண் குழந்தை. பிறந்த ஐந்தாம் நாள், விளக்கு வைத்த நேரத்திலிருந்து ஒரே அழுகை. பார்க்க வந்த எதிர்வீட்டு மாமி, "பால் பத்தலை போலிருக்கு. பவுடர் பால் டின் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ" என்றார். மகளின் முகம் வாடிவிட்டது.

எனக்குப் பழைய ஞாபகம். இவளைப் பெற்றபோது இதே பேச்சைக் கேட்டுத்தான் பத்தாம் நாளே புட்டியை எடுத்தேன். குழந்தை சப்புவது குறைந்தது; ஒரே மாதத்தில் பாலும் வற்றிப் போயிற்று. சப்பச் சப்பத்தானே பால் ஊறும்!

இந்த முறை டின் வாங்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை 2 கிலோ 850 கிராம். பதறினேன். "முதல் சில நாள் கொஞ்சம் குறையறது சகஜம்மா. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைஞ்சாத்தான் கவலை. அழுகையைப் பார்க்காதீங்க, ஈரத்துணியை எண்ணுங்க" என்றார் நர்ஸ்.

அவர் சொன்ன கணக்கு இதுதான்:

முதல் நாள் ஓர் ஈரத்துணி, மறுநாள் இரண்டு என்று ஏறும். ஐந்து நாள் ஆனபின் 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனைய வேண்டும். சிறுநீர் வெளிறியிருக்க வேண்டும்.

மலம் முதலில் கறுப்பு, பிறகு பச்சை. ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிடும்.

ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். விழுங்கும் சத்தம் கேட்கும். குடித்தபின் மார்பு இளகும். சாயங்காலத்தில் அடிக்கடி பாலுக்கு அழுவது பல குழந்தைகளின் வழக்கம்.

இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்ப வேண்டும்.

டயபரைக் கழற்றிப் பழைய வேட்டித் துணி கட்டினேன். காலண்டரில் பென்சில் கோடு போட்டு எண்ணினோம். அன்று ஏழு கோடு! மகள் முகத்தில் சிரிப்பு வந்தது. பதினான்காம் நாள் எடை 3 கிலோ 100 கிராம்.

ஆனால், சகோதரிகளே, அலட்சியமும் கூடாது. எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினால், துணி நனைவது குறைந்தால், வாய் வறண்டால், ஐந்து நாளுக்குப் பிறகும் செங்கல் பொடி போலக் கறை பட்டால், உடம்பில் மஞ்சள் ஏறினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். வேறு பாலும் தேவை என்று அவர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். நாமாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பச்சை உடம்புக்காரியிடம் "பால் பத்தலை" என்று சொல்லுமுன், ஈரத்துணியை ஒரு தரம் எண்ணிப் பாருங்களேன்!