ஐவர்மெக்டின்: 3 மரணம், 10 மரணம் – கணக்கு சொல்வது என்ன?

2021-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, புலனக் குழுக்களில் ஒரு மருந்தின் பெயர் ஓயாமல் சுற்றி வந்தது. ஐவர்மெக்டின். புழுத் தொல்லைக்கும் சிரங்குக்கும் கொடுக்கும் பழைய மாத்திரை, ஆடுமாடுகளுக்கும் போடுவார்கள். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் இருந்தவரும் செபராங் பிறைத் தோட்டத்தில் இருந்தவரும் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு மலிவான மருந்தைக் கோவிட்டுக்கு ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிய ஆய்வு நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலேயே நடந்தது.

2020-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வுக்கூடத்தில் இந்த மருந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில். அங்கு ஊற்றிய அளவு, வழக்கமாக மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் சேரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

ஈப்போ மருத்துவர் ஸ்டீவன் லிம் தலைமையில் 2021 மே இறுதி முதல் அக்டோபர் வரை நடந்த ஆய்வில் பினாங்கு மருத்துவர்களும் பங்கேற்றனர். 50 வயதைத் தாண்டி, இனிப்புநீர், இரத்த அழுத்தம் போன்ற வேறு நோயும் உள்ள 490 கோவிட் நோயாளிகளின் முடிவுகள் ஆராயப்பட்டன. யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தேர்வு செய்யவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. 241 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐந்து நாள் ஐவர்மெக்டின். 249 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றுகிறதா என்பதே முன்கூட்டி வைத்த கேள்வி. மருந்து எடுத்தவர்களில் 52 பேருக்கு முற்றியது. எடுக்காதவர்களில் 43 பேருக்கு. வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகளும் மருந்து எடுத்தவர்களிடம்தான் அதிகம்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. இறந்தவர்கள்: மருந்து எடுத்தவர்களில் 3 பேர், எடுக்காதவர்களில் 10 பேர். இந்த வரியை மட்டும் வெட்டியெடுத்துப் பகிர்ந்தவர்கள் ஏராளம். பார்த்தவுடன் மனம் சாய்வது இயல்பு. உயிர்க் கணக்கு அல்லவா?

இங்கேதான் நிதானம் வேண்டும். மருந்துக்கு எந்தச் சக்தியுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இத்தனை சிறிய எண்ணிக்கையில் இப்படியொரு வித்தியாசம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது முறை தற்செயலாகவே வரலாம். 3-ஐயும் 10-ஐயும் சான்றாக எடுத்தால், 52-ஐயும் 43-ஐயும் காட்டி மருந்து நோயை முற்றச் செய்தது என்றும் சொல்ல வேண்டிவரும். அதுவும் தற்செயலாக இருக்கலாம். ஒன்றை ஏற்று மற்றதை மறைப்பது கணக்கு ஆகாது.

தற்செயலா இல்லையா என்று அறிய, இன்னும் அதிகமானோரிடம் பார்ப்பதே வழி. 2022 மார்ச்சில் வெளிவந்த பிரேசில் ஆய்வில் 1,358 பேர். மருந்துப் பிரிவில் 21 பேரும் போலி மாத்திரைப் பிரிவில் 24 பேரும் இறந்தனர். 3-10 இடைவெளி அங்கே காணவில்லை.

பழைய மருந்து என்பதால் யாரும் ஒதுக்கவில்லை. டெக்சாமெத்தசோனும் பழையது, மலிவானதுதான். 2020-இல் பிரிட்டனில் அதே குலுக்கல் முறையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். சுவாசக் கருவியில் இருந்தவர்களில், மருந்தில்லாமல் நூற்றுக்கு 41 பேர் இறந்தனர். மருந்தோடு 29 பேர். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலன் இல்லை. அதனால்தான் அதை மூச்சுத் திணறியவருக்குக் கொடுத்தார்கள், சளி இருமலோடு வந்தவருக்குக் கொடுக்கவில்லை.