பைங்குடில் விளைவு: வகுப்பறைச் சோதனைகள்

பைங்குடில் விளைவு என்பது, ஒரு கோளின் தரையிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை வளிமண்டலத்திலுள்ள சில வளிமங்கள் உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திரும்ப உமிழ்வதால் தரை கூடுதலாக வெப்பமடையும் நிகழ்வு ஆகும். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் முதலியன இத்தகைய வளிமங்கள். புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 °செ ஆகும். இவ்விளைவு இல்லையெனில் அது ஏறத்தாழ -18 °செ ஆக இருக்கும். இதை விளக்கப் பள்ளிகளில் பல எளிய சோதனைகள் செய்யப்படுகின்றன. எனினும் அவற்றுட் சில வேறொரு விளைவையே காட்டுகின்றன.

வரலாறு

1856 இல் அமெரிக்காவின் யூனிசு ஃபூட், வெவ்வேறு வளிமங்கள் நிரப்பிய கண்ணாடி உருளைகளை வெயிலில் வைத்து வெப்பநிலையை அளந்தார். சாதாரணக் காற்று 106 °ஃபா (41 °செ) வரையும், கார்பன் டை ஆக்சைடு 125 °ஃபா (52 °செ) வரையும் சூடேறின. ஆனால் கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், தரை உமிழும் வெப்பக்கதிரின் பங்கை இச்சோதனையால் பிரித்துக் காட்ட இயலவில்லை. 1859 இல் சான் டிண்டால், அகச்சிவப்புக் கதிர்களைக் கடத்தும் பாறையுப்புத் தகடுகளால் மூடிய குழாயைப் பயன்படுத்தி, வளிமங்கள் அக்கதிர்களை உறிஞ்சுவதை நேரடியாக அளந்தார்.

மூடிய குடுவைச் சோதனை

இரு வெப்பமானிகளுள் ஒன்றைக் கண்ணாடிக் குடுவையால் மூடி, இரண்டையும் வெயிலில் வைத்தால், குடுவைக்குள் உள்ளது அதிக வெப்பநிலையைக் காட்டும். சூடான காற்று மேலெழுந்து வெளியேறுவதை (வெப்பச்சலனம்) குடுவை தடுப்பதே இதன் முதன்மைக் காரணம். 1909 இல் ராபர்ட் வுட், கண்ணாடியாலும் பாறையுப்பாலும் தனித்தனியே மூடிய இரு பெட்டிகள் ஏறத்தாழ ஒரே அளவு சூடாவதைக் காட்டினார். எனவே "பைங்குடில்" என்னும் பெயர் ஓர் உவமையே.

வினாகிரி, சமையல் சோடாச் சோதனை

வினாகிரியையும் சமையல் சோடாவையும் கலந்து பெற்ற கார்பன் டை ஆக்சைடை ஒரு குடுவையில் நிரப்பி, மற்றொன்றில் காற்றை விட்டு, இரண்டையும் விளக்கொளியில் வைப்பது வழக்கம். முதலாவது அதிகம் சூடாகும். ஆனால் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சாத ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே முடிவே கிடைப்பது 2010 இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டப்பட்டது. இவ்விரு வளிமங்களும் காற்றைவிட அடர்த்தியானவை. ஆகவே வெளிக்காற்றுடன் எளிதில் கலப்பதில்லை. இம்முடிவு வெப்பச்சலனத்தின் விளைவேயாகும்.

அகச்சிவப்பு வெப்பமானிச் சோதனை

தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இரவில் மேகமற்ற வானை நோக்கிப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேகமூட்டமான இரவில் மீண்டும் அளக்க வேண்டும். தெளிந்த வானின் அளவு தரையின் வெப்பநிலையைவிட மிகக் குறைவாகவும், மேகமூட்டத்தில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். வளிமண்டலம் தரையை நோக்கி வெப்பக்கதிர்களை உமிழ்வதை இது நேரடியாகக் காட்டுகிறது. இக்கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளங்களையே அளக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சுவது 15 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதியில் ஆகையால், இங்கு புலப்படுவது முதன்மையாக நீராவி, மேகங்கள் ஆகியவற்றின் பங்காகும்.

கருத்தில் கொள்ள வேண்டியது

ஒரு வகுப்பறைச் சோதனையின் விளக்கம் பிழையாக இருப்பதால் பைங்குடில் விளைவு பொய்யாகிவிடாது. அது டிண்டால் காலந்தொட்டு ஆய்வகத்திலும், பின்னர் செயற்கைக்கோள்கள் மூலமும் அளக்கப்பட்டுள்ளது. தவறான விளக்கத்தை நம்பிய மாணவர், அது மறுக்கப்படும்போது உண்மையான அறிவியலையும் ஐயுற நேரிடலாம். எனவே ஒவ்வொரு சோதனையும் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.