கோண்டோலாவில் ஏறுவது சுலபம்... இறங்குவது? குல்மார்க் பனிச்சறுக்குக்குக் கிளம்புபவர்கள் கவனத்துக்கு!

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ தொலைவில் இருக்கிறது குல்மார்க். குடும்பத்தோடு வருபவர்களுக்கு இது பனியில் விளையாடி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும் இடம். ஆனால், பனிச்சறுக்கில் கைதேர்ந்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் இங்கே வருவதற்குக் காரணம், ஊருக்கு மேலே நிற்கும் அஃபர்வாட் மலை.

குல்மார்க் கோண்டோலா இரண்டு கட்டங்களாகச் செல்கிறது. முதல் கட்டம் கோங்டோரி வரை. 2005-ல் தொடங்கிய இரண்டாவது கட்டம், 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். கோண்டோலா பாதையை ஒட்டிய சரிவைப் பாதுகாப்புக் குழுவினர் கண்காணிக்கிறார்கள். ஆபத்தாகத் தேங்கிய பனியை வெடிவைத்து முன்கூட்டியே சரியவிடுவதும் உண்டு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. கைடு இல்லாமல் போகக் கூடாத இடம் அதுதான்.

2023 பிப்ரவரி 1-ம் தேதி அஃபர்வாட்டில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் பலியானார். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் ஏற்படுகின்றன. தேர்ந்த வீரர்கள் தேடிப்போவதும் அதே சரிவுகளைத்தான்!

எத்தனை நாள் வேண்டும்?

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை பனி நன்றாக இருக்கும். ஆனால், புதுப்பனி கொட்டிய முதல் ஓரிரு நாள்கள்தான் பனிச்சரிவு அபாயம் அதிகம். பலத்த காற்று வீசினால் கோண்டோலாவின் இரண்டாவது கட்டத்தையும் மூடிவிடுவார்கள். எனவே, நான்கு நாள் சறுக்க ஆசைப்பட்டால், ஏழு நாளாவது கையில் இருக்கட்டும். முதல் நாள் குல்மார்க்கிலேயே தங்கினால், உடல் உயரத்துக்குப் பழகும்.

கைடிடம் என்ன கேட்க வேண்டும்?

இந்த மலையில் எத்தனை சீசன் வேலை செய்திருக்கிறார், பனிச்சரிவு மீட்பிலும் முதலுதவியிலும் பயிற்சி உண்டா, ஒரு கைடுக்கு எத்தனை பேர், விபத்து நேர்ந்தால் கீழே கொண்டுவர என்ன ஏற்பாடு? இவற்றுக்குத் தெளிவான பதில் வர வேண்டும். நல்ல கைடு உங்களையும் சோதிப்பார். முதலில் கண்காணிப்புள்ள சரிவில் சறுக்கச் சொல்லிப் பார்த்த பிறகே மேலே அழைத்துப்போவார். உங்கள் திறமையைக் கூட்டிச் சொன்னால், குழு முழுவதும் சிக்கலில் மாட்டும்.

பையில் என்ன?

சிக்னல் அனுப்பும் பீக்கன், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் குச்சியான புரோப், மடக்கு ஷவல். இந்த மூன்றும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். பனிக்குள் புதைந்தவரை முதல் 10-15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன் பிறகு அது வேகமாகக் குறைந்துவிடும். கீழிருந்து மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. பக்கத்தில் இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால், கிளம்புவதற்கு முன் எல்லோரும் பீக்கனில் தேடிப் பழகுவது அவசியம்.

போன், இன்ஷூரன்ஸ்

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு தேவை. அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் கொண்டுவருவது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டு நண்பர்கள் வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டிய சரிவுகளில் நடக்கும் விபத்துக்கும் மீட்புச் செலவுக்கும் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி

'இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே' என்ற நினைப்புதான் பலரை ஆபத்தான சரிவில் இறங்க வைக்கிறது. கடைசி நாளன்று வானம் தெளிந்து, மேலே புதுப்பனி மின்னும்போது, கைடு 'இன்னைக்கு வேண்டாம்' என்கிறார். குழுவில் எல்லோரும் மறுபேச்சில்லாமல் திரும்புவார்களா? இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, அப்புறம் டிக்கெட் போடுங்கள்!