கூறியது கூறலும் கணினிச் செய்நிரலும்

நூலுக்கு ஆகாதனவென நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று. கணினிக்கென எழுதப்படும் செய்நிரலுக்கும் இக்குற்றம் உண்டு. ஒரே கணிப்பு முறையைப் பல இடங்களிற் படியெடுத்து வைத்தால், பின்னர்த் திருத்த நேரும்போது ஓரிடம் திருந்தி, மற்றோரிடம் திருந்தாது நிற்கும்.

இலங்கையின் பெறுமதி சேர் வரி இதற்குத் தக்க சான்று. 2019 டிசெம்பரில் நூற்றுக்கு 8 ஆக்கப்பட்ட அவ்வரி, 2022 யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 சனவரியில் 18 என உயர்ந்தது. இரத்தோட்டையில் வணிகர் ஒருவரின் செய்நிரல் இவ்வீதத்தைப் பத்து இடங்களிற் கொண்டிருந்ததெனக் கொள்வோம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பத்தையும் தேடித் திருத்தல் வேண்டும். ஒன்று தப்பினும் கணக்குப் பிழைபடும்.

இக்குறையைக் களையத் துணைபுரிவனவே தன்னியக்க மறுசீரமைப்புக் கருவிகள். அவற்றின் பணி இருவகைத்து. முதலாவது, ஒத்த பகுதிகளைக் கண்டறிதல். சில கருவிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். சில, பெயர் வேறுபாட்டைப் பொருட்படுத்தாது சொல்வரிசையை ஒப்பிடும். வேறு சில, கட்டளைகளின் அமைப்பை மரம்போற் கிளைவிரித்து ஒப்பிடும். இரண்டாவது, அப்பகுதியைப் பெயரிட்ட தனிக்கூறாக்கி, பழைய இடங்களிலெல்லாம் அப்பெயரால் அழைத்தல். இதனாற் செய்நிரலின் விளைவு மாறலாகாது. அதற்கு வேண்டிய முன்நிபந்தனைகளை வில்லியம் ஒப்டைக் என்பார் 1992இல் இல்லினோய்ப் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஆராய்ந்தார். புதுப்பெயர் பழம்பெயரோடு முரணாமை போன்ற அவற்றைக் கருவியே சோதிக்கும்.

ஆயினும் கருவி உருவத்தை அறியும், கருத்தை அறியாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திற் கழிக்கப்படுவது குறைந்தது நூற்றுக்கு 8. 2019 டிசெம்பர் முதல் 2022 மே வரை மேற்கூறிய வரியும் 8. தொகையை எட்டாற் பெருக்கி நூறால் வகுக்கும் இரு பகுதிகளும் உருவில் ஒன்றே. அவற்றை ஒன்றாக்கியிருப்பின், யூனில் வரியை 12 ஆக்கிய அன்றே, தோட்டத்திற் கொழுந்து பறிப்பவளின் சம்பளத்திலும் 12 கழிந்திருக்கும். ஒன்றாக்கிய நாளில் எச்சோதனையும் இப்பிழையைக் காட்டியிராது. அன்று இரு விடைகளும் சரியே.

வேங்கை என்பது மரத்தையும் குறிக்கும், புலியையும் குறிக்கும். சொல் ஒன்றென்பதாற் பொருளை ஒன்றாக்குவார் இலர். அவ்வாறே, இரு பகுதிகள் ஒத்திருத்தல் மட்டும் இணைப்பதற்குக் காரணமாகாது. வரிவீதம் வரிச்சட்டத்தால் மாறும்; சேமலாப நிதிப் பங்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்பாற்பட்டது. எனவே, கருவி காட்டும் ஒவ்வோர் இணையையும் நோக்கி, ‘இவை ஒரே காரணத்தால் ஒருங்கு மாறுவனவா?’ என மாணவர் வினவுதல் வேண்டும். ஆம் எனின் இணைக்க. அன்றெனின், வரிவீதத்துக்கு ஒரு பெயரும் நிதிப்பங்குக்கு ஒரு பெயருமாக இட்டுத் தனித்தனியே வைக்க. தேடுதலும் மாற்றுதலும் கருவிக்கு உரியன. தெளிதல் எழுதுவோனுக்கே உரியது.