மழையும் விளைவும்

எலவனாசூர்கோட்டைப் பக்கத்தில் மானாவாரி நிலம் உழுவோர் வானை நோக்கியே விதைப்பர். மழை மிகுந்தால் விளைவும் மிகும் என்பது அவர்தம் துணிபு. அவ்வுறவு எத்துணை வலியது என்பதை எண்ணால் அளப்பது ஒட்டுறவுக் கெழு. இதற்குரிய வாய்பாட்டைக் கார்ல் பியர்சன் 1896-இல் வெளியிட்டார். இரண்டு அளவுகளும் நேர்கோட்டில் உடன் ஏறினால் கெழு +1. ஒன்று ஏற மற்றொன்று அவ்வாறே இறங்கினால் -1. நேர்கோட்டு உறவு சிறிதும் இல்லையேல் 0.

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், தொலைநாடுகளின் காற்றழுத்தத்தையும் நம் பருவமழையையும் இக்கெழுவினாலேயே ஒப்புநோக்கினார். மழை பொய்த்தால் பஞ்சம் நேர்ந்த காலம் அது. அவர் கண்ட உறவுகளுள் சில பின்னாளில் தளர்ந்தன.

இன்னொன்றும் கருதுக. மழை குறைந்தால் பயிர் கருகும். அளவு கடந்தால் அழுகும். இத்தகைய வளைந்த உறவில் கெழு 0-ஐ ஒட்டி நிற்றலும் கூடும். அதுகொண்டு மழைக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை எனின், எவ்வுழவர் ஒப்புவர்?